கால் அங்குலம்

கஸ்பார்,
ரோட்டர்டாம் முத்திரையோடு உன் கடிதம் வந்தது,
ஒரு மூலை எஞ்சின் எண்ணெயில் ஊறி.
எந்தக் குழல் வாங்க என்று கேட்டிருக்கிறாய்.
அதை முதலில் எழுதிவிடுகிறேன்.
மற்றதெல்லாம் தாளில் இடம் இருந்தால்.

பழைய குழல் செத்துவிட்டது.
மண்ணெண்ணெய்த் துணி விட்டு இழுத்து
பின்பக்கம் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன்.
உள்ளே முழுக்க அம்மைத் தழும்பு.
மூக்கையூர் உப்புக்காற்று பாதி தின்றது,
அந்தப் பழைய தோட்டாக்களின் மருந்து மீதி.
வெள்ளியன்று கடற்கரையில் தகரம் நிறுத்திச் சுட்டேன்.
வட்டமாய் விழவேண்டிய ஓட்டை
புளியங்கொட்டை மாதிரி நீண்டு கிடந்தது.
குண்டு பக்கவாட்டில் படுத்துப் போயிருக்கிறது,
வெயிலில் போன குடிகாரனைப் போல.

கிழக்குச் செய்யில் நேற்று ஒன்பது பன்றி.
கடலைக்கொடியை உழவு மாடு கூட
அவ்வளவு சுத்தமாய்ப் புரட்டாது.

முப்பது வாங்கலாம், யானையும் விழும் என்கிறாய்.
மூக்கையூரில் யானை இல்லை.
முந்நூற்று மூன்று பேசவே வேண்டாம்,
அது சர்க்கார் குண்டு, நம் லைசன்ஸில் ஏறாது.
எனக்குக் கால் அங்குலம் போதும்.

உன் தம்பி சிரித்தான்:
காலா? பன்றி முதுகைச் சொறிந்துகொண்டு போகும், மதினி.
முன்னங்காலுக்குப் பின்னால் ஓர் உள்ளங்கை இடம்.
அதில் போய்ச் சேர்ந்தால் கால் போதும்,
சேராவிட்டால் பீரங்கியும் வேட்டுச் சத்தம்தான்.
ஆட்டி உதைக்கிற துப்பாக்கிக்கு
என் கண் முன்கூட்டியே மூடிக்கொள்கிறது.
இது உன் தம்பிக்குச் சொன்னதில்லை.

காலிலும் மூன்று ஜாதி விசாரித்தேன்.
சாவேஜ் நல்ல வேகம்,
ஆனால் அதன் வெற்றுக்கூடு ஒன்றுகூட
மதுரை வரைக்கும் கிடையாது.
முப்பது-நாலு-ஆறின் கழுத்தை நெரித்துச் செய்கிறார்களாமே,
அது மருந்தைக் குடிக்கும், குழலைத் தின்னும்,
நம் தோட்டாப் பெட்டிக்குள் நீளமும் அடங்காது.
மிச்சம் ராபர்ட்ஸ்.
அதன் தாய்க்கூடு நம்முடைய ஏழு மில்லிமீட்டர்தான்.
போல்ட்டைத் தொடவேண்டாம், பெட்டியைத் தொடவேண்டாம்.
அடுப்படியில் காப்பித்தூள் டப்பாவில்
இரண்டு வருஷமாய் நான் எறியாமல் வைத்திருக்கிற
நூற்றிப் பதினொரு வெற்றுக்கூடு.
எதற்கு என்று நீ ஒருமுறை திட்டினாய்.
இதற்கு.

ராமநாதபுரத்தில் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை இறக்கி
வீட்டுக்காரர் வரலையா என்றார்.
கப்பலில் இருக்கிறார், சுடுவது நான் என்றேன்.
குழல் அளவு?
கால்.
கால் என்றால்?
அரையில் பாதி, ஐயா.
கால் என்றால் காற்றும்தான் என்று
பள்ளிக்கூடத்தில் படித்தது வாய்வரை வந்தது, சொல்லவில்லை.
கச்சான் அடிக்கிற நாளில்
நூற்றிப் பதினேழு கிரெயின் ஈயத்தை
அந்தக் கால் எவ்வளவு தள்ளும் என்று
மணலில் படுத்துத்தான் கணக்குப் போடவேண்டும்.

குழல் இருபத்துநாலு அங்குலம்.
கிரீஸ் தடவி, மெழுகுத்துணி சுற்றி,
எஞ்சின் அறையில் வைக்காதே, உன் கட்டிலடியில் வை.
கூட்டின் கழுத்தைச் சுருக்கும் அச்சும் சேர்த்து வாங்கு.
ரசீது கட்டாயம். சுங்கத்தில் நான் சண்டை போடமுடியாது.
மதுரையில் பீர் ராவுத்தர் மாட்டித் தருகிறார்,
முப்பத்தைந்து ரூபாய் கேட்டார், முப்பதுக்கு ஒத்துக்கொண்டார்.

உள்வரி எத்தனைக்கு ஒரு சுற்று என்று கடைக்காரன் கேட்பான்.
பத்து அங்குலத்துக்கு ஒன்று என்று சொல்.
குண்டுக்கு அது கணக்கு.
உனக்கு மூன்று வருஷத்துக்கு ஒன்று.

இடம் முடிந்தது.
சின்னவனுக்குப் பல் விழுந்திருக்கிறது.
சாத்தையாவும் நானும் முறை வைத்து
தகர டப்பா தட்டிக்கொண்டிருக்கிறோம்.
பன்றிகளுக்கு அது பழகிவிட்டது.

மதலேன்